அரைச் சுற்றுத் திருப்பிய கோன்

அச்சின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஐயா மெல்லத் திருப்பினார். கண்கள் மூடியிருந்தன. ஒரு முறை, இரு முறை. பிறகு சில்லை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, நீர் பிடிச்சுப் பாரும். மணலுக்கு மேலை நடக்கிற மாதிரிக் கிடக்கோ?"

"ஓம் ஐயா."

"அது மணல் இல்லை. இரும்பு தின்ற பள்ளம். இனி உள்ளுக்குப் பாப்பம்."

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்தச் சைக்கிள் கடை. முன்னால் ஒரு பூவரசு. அதன் கிளையில் கட்டிய கயிற்றில் பழைய றிம்கள் மாலைபோலத் தொங்குகின்றன. பெயர்ப்பலகை இல்லை. கேட்டால் "ஹப் செய்யிற ஐயா கடை" என்று ஊரார் வழி சொல்லுகிறார்கள். ஒட்டுப்போடவும் காற்றடிக்கவும் எத்தனையோ கடைகள் உண்டு. சில்லின் நடுவே இருக்கும் ஹப்பைப் பிரித்து, பழுது பார்த்து, தேவையானால் அதன் உறுப்பைக் கடைந்தும் தருகிற கை அரிது. அதைப் பார்க்கத்தான் நான் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை அங்கே இருந்தேன்.

அன்று வேலைக்கு வந்திருந்தது ஒரு பழைய றலி. ஒரு ரீச்சருடைய தகப்பனார் ஓடிய சைக்கிள். அவர் போனபின் பல வருடங்கள் சாய்ப்பில் கிடந்தது. ரீச்சருக்கு அதைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும் என்று ஆசை.

ஐயா முன்சில்லை நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்க நட்டையும் கழற்றினார். கோனை உருவியதும் கருமையான பசையோடு குண்டுகள் தட்டில் விழுந்தன. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு ஒரு பழைய பல்விளக்கியால் தேய்த்தார். பக்கத்துக்குப் பத்தாக, இருபது குண்டுகள். ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். சாதாரணப் பின்சில்லில் இதுவே பக்கத்துக்கு ஒன்பது. அளவும் கால் அங்குலமாகப் பெருக்கும். ஓட்டுபவரின் பாரம் பெரும்பாலும் பின்னால்தான் இறங்குகிறது. அதனால்தான் அந்தக் கால ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் வைத்தார்கள்.

ஹப்பின் அமைப்பு எளிமையானது. நடுவில் அசையாத அச்சு. அதன் இரு பக்கமும் திருகி ஏற்றிய கோன்கள். ஹப்பின் கூட்டுக்குள் இரண்டு கிண்ணங்கள். கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவே குண்டுகள். கூட்டின் இரு ஓரத்துத் தட்டுகளிலும் துளைகள். அவற்றிலிருந்து கம்பிகள் றிம்முக்குப் போகின்றன. கம்பிகள் நேராகப் போகாமல் ஒன்றையொன்று வெட்டிச் சாய்வாகப் போகின்றனவே, அந்த யோசனைக்குக் கொவென்றியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை எடுத்தார். நேர்க்கம்பி ஹப்பின் முறுக்கைத் தாங்காது. சாய்வுக்கம்பி அந்த முறுக்கை இழுவையாக்கி றிம்முக்குக் கொண்டுபோகும்.

குண்டின் கதை அதற்கும் முந்தியது. பாரிசில் ஜூல் சுறிரே 1869இல் சைக்கிள் குண்டுத்தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த நெடும் பந்தயத்தில் குண்டுத்தாங்கி பூட்டிய சைக்கிளில் ஜேம்ஸ் மூர் முதலாவதாக வந்தார். ஆனாலும் உருண்டையான குண்டைச் செய்வது அன்று பெரும் பாடு. 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபூர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளைச் சீராக அரைக்கும் இயந்திரத்தைச் செய்தபின்தான் அவை எங்கும் பரவின. இன்று நல்ல சைக்கிளுக்குப் போடும் 25ஆம் தரக் குண்டில், உருண்டையின் பிசகு அங்குலத்தின் பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது.

"ஒரு குண்டு பழுதெண்டால் ஒண்டை மட்டும் மாத்தக்கூடாது. முழுச் சோடியையும் மாத்தோணும்" என்றார் ஐயா. தேய்ந்த ஒன்பதோடு புதிய ஒன்றைப் போட்டால், பெரியதாக நிற்கும் அந்த ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்கும்; அது போகும் இடமெல்லாம் கோனையும் கிண்ணத்தையும் கீறிக்கொண்டு போகும்.

அவர் கோனை வெயிலில் பிடித்துக் காட்டினார். கூம்பின் வளைவில் ஒரு பளபளப்பான தடம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோலச் சிறு பள்ளங்கள். மற்றப் பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது.

நான் காரணம் கேட்டேன். ஐயா ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து நிலத்திலே வட்டம் கீறினார். சில்லு சுழலும்போது கிண்ணமும் சேர்ந்து சுழல்கிறது. அதனால் கிண்ணத்தின் தேய்மானம் சுற்றிவரப் பகிரப்படுகிறது. அச்சும் கோனும் சுழல்வதில்லை. ஓட்டுபவரின் பாரம் எந்நேரமும் கோனின் கீழ்ப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் அழுந்துகிறது. தேய்வதும் அங்கேதான்.

"அப்ப திரும்பப் பூட்டேக்கை அச்சை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டோணும். நல்ல பக்கம் கீழை வரும். இன்னும் கன காலம் ஓடும்." காசில்லாத நாளில் ஒரு செலவுமின்றிச் செய்யக்கூடிய வேலை இது. தழும்பு ஆழமில்லாத கோனுக்கு மட்டும்தான் சரிவரும் என்பதையும் அவரே சொன்னார்.

மற்றப் பக்கத்துக் கோன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. அதற்குப் புதியது வேண்டும். இங்கேதான் சிக்கல். பழைய ஆங்கிலேயச் சைக்கிளின் அச்சில் அங்குலத்துக்கு 26 புரி. முன் அச்சு 5/16 அங்குலம், பின் அச்சு 3/8 அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் பின் அச்சு 10 மில்லிமீற்றர். 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பூட்டிப் பார்த்தால் ஒன்று ஏறாது, மற்றது ஆடும். பலவந்தமாக ஏற்றினால் புரி போய்விடும். "ஏறுது எண்டு நினைச்சுத் திருகி அச்சைக் கெடுத்துக்கொண்டு வருவினம்" என்று ஐயா ஒரு பெட்டியைக் காட்டினார். அதற்குள் அப்படிக் கெட்ட அச்சுகள் ஒரு குவியல்.

ஆகவே கோனைக் கடைய வேண்டும். கடையின் பின்புறத்தில் ஒரு சிறிய லேத் இருக்கிறது. அதில் நிற்பது ஐயாவின் மருமகன். உருக்குக் கம்பியில் துண்டு வெட்டி, நடுவே துளைத்து, 26 புரிக்குப் பல்சக்கரங்களை மாற்றி உள்புரி வெட்டினான். பிறகு வெளியே அந்த வளைவு. கடினமான பகுதி அதுதான். வளைவு குண்டின் வளைவைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். மிஞ்சினால் பாரம் ஒரு புள்ளியில் குத்தும். குறைந்தால் குண்டு இறுகும். தகரத்தில் வெட்டிய ஒரு அளவுவார்ப்பை வைத்து வைத்துப் பார்த்தான். வைக்கும்போது வெளிச்சம் தெரிகிறதா என்று ஐயாவிடம் காட்டினான். "இன்னும் ஒரு மயிர்" என்றார் அவர். மறுபடி லேத் சுழன்றது.

கடைந்த கோன் மென்மையாகவே இருக்கும். அதைக் கரித்தூள் அடைத்த இரும்புப் பெட்டியில் மூடி, ஏறக்குறைய 900 பாகை சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். கரியிலுள்ள கார்பன் உருக்கின் மேற்தோலுக்குள் இறங்குகிறது. சிவக்கச் சிவக்க எடுத்து எண்ணெய்க்குள் போட்டால் தோல் கண்ணாடிபோல இறுகும். உள்ளே நெகிழ்வு மிஞ்சும். முழுவதும் இறுகினால் அடி பட்டதும் வெடித்துவிடும். அன்று பெட்டிக்குள் நாலு கோன்கள் ஒன்றாகப் போயின. ஒன்றுக்காக அடுப்பு மூட்டக் கட்டாது.

சூடாறும்வரை பேச்சு பழைய காலத்துக்குப் போனது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பற்றரியும் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஏறியது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, கலியாணப் பெண், எல்லாம் சைக்கிளில். செய்தி கேட்பதற்கும் சைக்கிள்தான். கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பாடியது. வீடு முழுவதும் சுற்றியிருந்து கேட்டது. ஓரடி நகராமலே பின்சில்லு மைல்கணக்கில் சுழன்ற இரவுகள் அவை.

"அப்ப கிறீஸ் இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டனாங்கள். கிழமைக்கு ஒருக்கா கழட்டிக் கழுவாட்டில் பிசின் மாதிரி ஒட்டிப் பிடிக்கும்." அந்த வருடங்களில்தான் ஹப் வேலை தன் கைக்கு வந்தது என்கிறார் ஐயா. புதிய கோன் வராத ஊரில் பழையதைத் திருப்பிப் பூட்டினார். திருப்பிப் பூட்ட முடியாததைச் சாணைக்கல்லில் தீட்டினார். தீட்ட முடியாததைக் கடைந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, மழையில் சைக்கிள்களை ஓட முடியாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சைக்கிளில் ஒரு வீடே ஏறியிருந்தது. ஐயாவின் சைக்கிளில் மனைவியும் ஒரு குழந்தையும் ஒரு பெட்டி குண்டுகளும்.

பின்சில்லை எடுத்தபோது அவர் முகம் மாறியது. அதிலிருந்தது மூன்று கியர் ஹப். துணியால் துடைத்ததும் கூட்டின் மேல் 'ஏ டபிள்யூ' என்ற எழுத்துகளும் '58' என்ற எண்ணும் தெரிந்தன. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் தன் ஹப்களில் செய்த ஆண்டைப் பொறிப்பது வழக்கம். இது 1958இல் நொட்டிங்ஹாமில் பிறந்தது.

றலி நிறுவனத்தின் பிராங்க் பௌடன் 1902இல் தொடங்கியது ஸ்டர்மி ஆர்ச்சர். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவரின் பெயரைத்தான் உலகம் அறியும். முதல் மூன்று கியர் ஹப்பை வரைந்த பொறியியலாளர் வில்லியம் ரெய்லியின் பெயர் அதில் இல்லை. வேறொரு நிறுவனத்தோடு செய்திருந்த உடன்படிக்கை தடுத்ததால், காப்புரிமை ஆர்ச்சரின் பெயரில் பதிவானது. ஐயாவுக்கு இந்தக் கதை புதிது. சற்று நேரம் ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1936இல் வந்த இந்த 'ஏ டபிள்யூ' வகையில், நடுவே 20 பல் கொண்ட சூரியச் சக்கரம். அதைச் சுற்றி நாலு சிறு சக்கரங்கள். வெளியே 60 பல் வளையம். இந்தக் கணக்கால் மேல் கியரில் சில்லு மூன்றில் ஒரு பங்கு கூடச் சுற்றும். கீழ்க் கியரில் கால் பங்கு குறையும். கூட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்து எண்ணெய் விட்டுவந்தால் அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடும். நொட்டிங்ஹாமில் தொழிற்சாலை 2000இல் மூடப்பட்டது. தாய்வானின் சன்ரேஸ் நிறுவனம் வாங்கி, உற்பத்தியை அங்கே கொண்டுபோனது. ஐயாவின் மேசையில் அந்த 1958 ஹப்பின் சக்கரங்களில் ஒரு பல்கூட உடையாமல் இருந்தது.

உலகின் வேறு மூலைகளில் ஹப்பையே தனிக் கலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 1971இல் தொடங்கிய பில் வுட் நிறுவனம், அடைத்த தாங்கிகளை ஹப்புக்குள் கொண்டுவந்து பெயரெடுத்தது. 1976இல் தொடங்கிய கிறிஸ் கிங் நிறுவனம் தன் ஹப்புக்கான தாங்கிகளைத் தானே செய்கிறது. மூடியை நெம்பி எடுத்துக் கழுவிக் கிறீஸ் வைக்கலாம். தமக்கென்று சைக்கிள் சட்டம் செய்வித்து ஓடுகிறவர்கள் இந்த ஹப்களைத் தேடி வாங்குகிறார்கள். றிம் தேய்ந்தால் றிம்மை மாற்றி, அதே ஹப்பில் மறுபடி கம்பி கோக்கிறார்கள். அந்த வேலையும் சுன்னாகத்து ஒழுங்கையில் நடப்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. திறக்க முடிகிற ஹப்பைத்தான் கை காப்பாற்றுகிறது. இப்போது வரும் மலிவான ஹப் சிலவற்றுக்குத் தனிக் கோன் விற்பனைக்கே இல்லை. பழுதானால் முழுச் சில்லையும் எறிய வேண்டியதுதான். "அதுக்கு என்னட்டை மருந்தில்லை" என்று ஐயா அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பின்னேரம் நாலு மணிக்கு முன்சில்லு பூட்டத் தயாரானது. கிண்ணத்துக்குள் கிறீஸை வளையமாகத் தடவி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். பத்தாவது குண்டு போனபின்னும் சிறு இடைவெளி மிஞ்சியது. அது இருக்கத்தான் வேண்டும். நெருக்கி அடைத்தால் குண்டுகள் ஒன்றோடொன்று உரசும். ஒரு பக்கம் புதிய கோன். மற்றப் பக்கம் பழையது, அரைச் சுற்றுத் திருப்பியபடி. தளர்ச்சி ஒரு துளி மிஞ்ச விட்டுப் பூட்டு நட்டை இறுக்கினார். இறுகும்போது அந்தத் துளியும் மறைந்தது. சில்லைத் தூக்கிப் பிடித்துக் கையை எடுத்தார். வால்வு இருந்த பக்கம் தானாகக் கீழே இறங்கியது, மேலேறியது, மறுபடி இறங்கியது. ஊஞ்சல்போல ஆடி ஆடி, நெடுநேரம் கழித்து நின்றது.

ரீச்சர் வந்து காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, இனி எப்ப கொண்டுவாறது?"

"ரோட்டிலை வெள்ளம் நிண்டால் ஹப் தாழ ஓடாதேங்கோ பிள்ளை. மாரி முடியக் கொண்டுவாங்கோ, திறந்து பாப்பம்."