உறங்கும் கணினிக்கு ஒரு காவல்

"கணினியில் இருப்பவற்றுக்கு நகல் வைத்திருக்கிறீர்களா?" என்று யாரைக் கேட்டாலும், "எடுக்க வேண்டும்" என்றே பதில் வருகிறது. எங்கள் வீட்டிலும் நெடுநாள் அப்படித்தான். அப்பாவின் மடிக்கணினியில் கடைக் கணக்குகள், தங்கையின் ஞானஸ்நானப் படங்கள், இவற்றோடு மறைந்த எங்கள் ஆச்சி பாடிய பதினொரு தாலாட்டுகளும் உள்ளன. கணக்கை மறுபடி எழுதலாம். ஆச்சியை மறுபடி பாடச் சொல்ல முடியுமா?

பெரியப்பா மகன் அண்ணன், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை ஒரு வன்தட்டுடன் எங்கள் கூடத்தில் வைத்து, இரவு 2 மணிக்கு அது மடிக்கணினியை அழைத்து நகலெடுக்கும்படி அமைத்துக் கொடுத்தார். அழகான ஏற்பாடுதான், ஆனால் அப்பா பத்து மணிக்கே கணினியை அணைத்துவிடுவார்! பால்காரர் நாள்தோறும் வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போன கதையாயிற்று. மூன்று மாதத்தில் ஒரு நகல்கூடச் சேரவில்லை என்பதைக் கோடை விடுமுறையில் அந்தப் பெட்டியை ஆராய்ந்தபோது கண்டேன்.

அலுவலகங்களின் பெரிய கணினிகள் இரவும் பகலும் விழித்திருப்பவை. அவற்றுக்கு மணியடித்தாற்போல் வேலையைத் தொடங்கும் 'கிரான்' என்னும் நிரல் போதும். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். லினக்சில் 'அனாகிரான்' என்று வேறொன்று உண்டு. அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, "கடைசியாகச் செய்து எத்தனை நாள் ஆயிற்று?" என்று பார்க்கிறது. நாள் கடந்திருந்தால், கணினி விழித்த சில நிமிடங்களில் விட்ட வேலையை எடுத்துக்கொள்கிறது. விண்டோசிலும், தவறிய வேலையை இயன்ற விரைவில் தொடங்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட வேண்டும், அவ்வளவே.

அப்பாவுடையது லினக்ஸ். ஆகவே அண்ணனும் நானும் ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டோம். இப்போது பெட்டி மடிக்கணினியைத் தேடுவதில்லை. மடிக்கணினியே எழுந்ததும் பெட்டியைத் தேடிப் போகிறது. 1996இல் வெளிவந்த 'ஆர்சிங்க்' என்னும் நிரல் மாறியவற்றை மட்டும் அனுப்புவதால், முதல் நாள் பல மணி நேரம் பிடித்தது இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் (எங்கள் தெருவில் அது போகாத வாரம் எது?) வேலை முடிந்த பின்னரே தேதி குறிக்கப்படுவதால், அடுத்த முறை மீண்டும் தொடங்கும்.

அம்மா கணினியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்டதுதான் நல்ல கேள்வி: "மடிக்கணினியில் வைரஸ் புகுந்தால், அதுவே போய் நகலையும் கெடுத்துவிடாதா?" 2017 மே மாதம் 'வான்னகிரை' என்ற தீநிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவிக் கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டதல்லவா? அதனால் வந்து சேர்ந்ததைப் பெட்டி தானே தேதிவாரியாகத் தனியே எடுத்து வைக்கிறது. அந்த அறைக்கு மடிக்கணினியிடம் சாவி கிடையாது.

நடக்காத வேலை சத்தம் போடாது. எங்கள் வகுப்புச் சிஸ்டர் வருகைப் பதிவேட்டில் வராதவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெட்டிக்கும் அதையே கற்பித்தோம்: மடிக்கணினி ஏழு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் அப்பாவுக்கு மின்னஞ்சல் போகும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அம்மா சொல்லும் ஏதாவதொரு கோப்பை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறோம். இதுவரை எல்லாம் திறந்திருக்கின்றன. அப்பாவின் கைப்பேசி மட்டும் இன்னும் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை.