இலுப்பைக்கடவைக்கு ஒரு கெமரா

வாப்பாவின் முகம் எங்களிடம் இருப்பது ஒரேயொரு தாளில்தான். அதுவும் புகைப்படமல்ல. அவருடைய தேசிய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. புத்தளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நிவாரணப் பதிவுக்காக எடுத்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. தொப்பியின் விளிம்பு தெரிகிறது, ஒரு காது தெரிகிறது. மற்றதெல்லாம் பார்க்கிறவர் தாமாகவே போட்டுக்கொள்ள வேண்டியது.

படம் எடுப்பதில் வாப்பாவுக்கு உடன்பாடில்லை. உருவப் படம் கூடுமா கூடாதா என்று ஊரில் வாதம் நடந்த காலம் அது. அவர் வாதத்துக்குப் போகமாட்டார். கெமராவைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வார். எழுபதுகளில் அடையாள அட்டை வந்தபோது அரசாங்கத்துக்காக ஒருமுறை உட்கார்ந்தார். அவ்வளவுதான். விடத்தல்தீவு வீட்டிலிருந்த மற்றவர்களின் படங்கள் 1990 ஒக்டோபரில் வீட்டோடு போயின. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய எழுபத்தையாயிரம் முஸ்லிம்களில் நாங்களும் ஒரு குடும்பம். உடுப்பையும் பிள்ளைகளையும் தூக்கியவர்கள் அல்பத்தைத் தூக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பிரதியைப் பெரிதாக்கித் தரும்படி ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் கம்பியூட்டரில் நெடுநேரம் பாடுபட்டான். கடைசியில், "சேர், எவ்வளவும் பெரிசாக்கலாம். ஆனா உள்ளுக்க இல்லாதத எங்க இருந்து எடுக்கிறது?" என்றான். எனக்குக் கெமராவைப் பற்றி யாரும் சொல்லித்தந்த முதல் பாடம் அதுதான்.

இந்த வருடம் மாசியில் உம்மா இலுப்பைக்கடவையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றா. வயது எண்பத்திமூன்று. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு வடக்கே இருக்கிறது இலுப்பைக்கடவை. வாப்பா அங்கே சில்லறைக் கடை வைத்திருந்தார். உம்மா கலியாணம் முடித்த புதிதில் கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் குடியிருந்திருக்கிறா. கட்டாரில் இருக்கும் என் மகள் இதைக் கேட்டதும் காசு அனுப்பினாள். "ஃபோன்ல எடுக்க வாணாம் வாப்பா, நல்ல கெமரா ஒண்டு வாங்குங்க" என்றாள். முந்திய வருடம் என் ஃபோன் கிணற்றுக்குள் விழுந்து, அதோடு இரண்டு வருடப் படங்கள் போன கதை அவளுக்குத் தெரியும்.

கொழும்பில் கெமராக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் போனேன். என் காசுக்கு ஏற்றதாக மிரர்லெஸ் வகையில் ஆரம்பநிலைக் கெமரா ஒன்றைக் காட்டினார். கெனன் ஆர்100, 2023இல் வந்தது. பழைய பெரிய கெமராக்களில் லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அமத்தும்போது கண்ணாடி துள்ளி விலகும். இதில் அந்தக் கண்ணாடியே இல்லை. வெளிச்சம் நேரே சென்சரில் விழுகிறது, சென்சர் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். இந்த வகையில் லென்ஸ் மாற்றக்கூடிய பனசொனிக் ஜி1 2008இல் வந்ததாம். அதே வருடத்தின் நடுப்பகுதியில்தான் யுத்தம் விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் கடந்துபோனது. அந்த வருடம் எங்களில் யாருக்குக் கெமராவின் ஞாபகம் இருந்தது!

மருமகன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, இந்தச் சுமையைக் கழுத்தில மாட்டிக்கொண்டு எங்க போகப்போறீங்க? இதைப் பாருங்க" என்று தன்னிடமிருந்த சின்னக் கெமராவை எடுத்தான். கெனன் இக்சஸ் 285, 2016இல் வந்தது. சேர்ட் பையில் சவர்க்காரக் கட்டி மாதிரிக் கிடக்கும். நூற்றைம்பது கிராமும் இல்லை. மற்றது லென்ஸோடு ஏறக்குறைய அரைக் கிலோ. 2010இல் உலகம் முழுதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கெமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன, பெரும்பாலானவை இப்படியான சின்னவை. பிறகு ஃபோன் வந்து அவற்றை விழுங்கிவிட்டது. இப்போது இளம் பிள்ளைகள் அவற்றைத் தேடித் திரிகிறார்கள். 2025இல் கெனன் இதே மாதிரியைச் சிறு மாற்றங்களோடு மீண்டும் சந்தைக்கு விட்டது. மருமகன் பெருமையாகச் சொன்னான், தான் காலத்துக்கு முந்தியவன் என்று.

ஒன்றில் 20 மெகாபிக்சல், மற்றதில் 24. பெரிய வித்தியாசமில்லையே என்றுதான் நானும் நினைத்தேன். நண்பர்தான் விளக்கினார். சின்னதன் சென்சர் நீளம் ஆறு மில்லிமீற்றர், அகலம் நாலரை. மற்றதன் சென்சர் இருபத்திரண்டுக்குப் பதினைந்து. பரப்பில் பன்னிரண்டு மடங்கு. மழைக்கு முற்றத்தில் கிண்ணத்தை வைப்பதற்கும் தாம்பாளத்தை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். கொட்டுகிற மழையில் இரண்டும் நிரம்பும். தூறலில்தான் தெரியும் எது எவ்வளவு பிடித்தது என்று. சின்னக் கெமராவின் லென்ஸ் சற்று அகலத் திறக்கும், ஆனால் அதைக் கழித்துப் பார்த்தாலும் மங்கல் வெளிச்சத்தில் பெரியது ஏழு மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கிறது.

வாங்குவதை ஒத்திவைத்தேன். நண்பர் தன் பாவனையிலிருந்த ஆர்100ஐ இரண்டு நாளுக்கு இரவல் தந்தார், மருமகன் சின்னதைத் தந்தான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு உம்மாவோடு வானில் புறப்பட்டோம்.

கடை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சீமெந்துத் தரையின் ஒரு மூலை மட்டும் பற்றைக்குள் கிடந்தது. உம்மா அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றா. நண்பகல் வெயில். சின்னக் கெமராவின் திரையில் என் முகம்தான் தெரிந்தது, அதற்குக் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை, குத்துமதிப்பாக எடுத்தேன். மற்றதைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு எடுக்கலாம். ஆனால் பிறகு பார்த்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். அந்த வெயிலில் எந்தக் கெமராவும் நல்ல கெமராதான்.

கடல் பக்கம் சேற்றுத் தரவையில் பூநாரைகள் நின்றன. இங்கே சின்னது வென்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மடங்கு ஸூமில் பறவையின் வளைந்த சொண்டு தெரிந்தது. ஆர்100ஓடு வரும் லென்ஸில் அவை தரவையில் காயப்போட்ட ரோசாத் துணித் துண்டுகள். தூரத்துக்கென்று வேறு லென்ஸ் வாங்கவேண்டும், அதற்கு வேறு காசு. பறவைக்காக வந்திருந்தால் நான் இரண்டாவது யோசனையே செய்திருக்கமாட்டேன். தூசிக்கும் ஒரு வார்த்தை: சோளகக் காற்றில் புழுதி பறக்கும் நாளில் சின்னதன் நீண்டு சுருங்கும் லென்ஸுக்குள் மணல் போனால் அது அப்படியே இறுகிவிடும். பெரியதில் லென்ஸைக் கழற்றினால் சென்சரிலேயே புழுதி படியும். இரண்டையும் எங்கள் கரைக்காகச் செய்யவில்லை.

அசருக்குப் பிறகு அந்த அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்தக் காலத்தில் கடைக்கு அடுத்த வளவில் இருந்தவ, உம்மாவுக்கு மூத்தவ. உம்மாவின் முதல் பிள்ளைப்பேற்றுக்குக் கூட இருந்தவவாம். இரண்டு பேரும் திண்ணையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். பேச்சு நின்று நின்று வந்தது. பொழுது சாய்ந்தது. தலைக்கு மேல் ஒரு சின்ன பல்ப் எரிந்தது.

நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். சின்னக் கெமராவை உள்ளங்கைக்குள் மறைத்து, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தேன். அதன் வசதியே அதுதான் என்று மருமகன் சொல்லியிருந்தான். ஃபிளாஷை நிறுத்த மறந்துவிட்டேன். வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடித்தது. உம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை, பள்ளிக்கூடத்தில் ஏதோ களவெடுத்துப் பிடிபட்ட நாளில் பார்த்த பார்வை. "கேட்டுட்டு எடுக்கத் தெரியாதா மகன்?" என்றா. படத்தில் இருந்தது அசைந்த ஒரு துணியும், வெளுத்துப்போன ஒரு நெற்றியும்.

அக்காதான் அந்த மௌனத்தை உடைத்தா. "எடுக்கட்டும் விடு. எங்கட அல்பமும் இல்ல. இடம்பெயர்ந்து போன வழியில எங்கயோ விட்டிட்டம். இவரின்ர படம்கூட இல்ல" என்று சுவரைக் காட்டினா. அங்கே ஆணி மட்டும் இருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நட்டம் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. 1990இல் நாங்கள் போனதும் அவர்கள் இருந்ததும்தான் என் கணக்கில் இருந்தது. 2008இல் அவர்களும் போனது கணக்கில் இருக்கவில்லை.

உம்மா யோசித்தா. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எடு. ஆனா ஆருக்கும் காட்டப்படாது" என்றா.

பெரிய கெமராவை எடுத்தேன். அதை மறைக்க முடியாது. கழுத்தில் மாட்டி, கண்ணில் வைத்து, எதிரே நின்று, எடுக்கப்போகிறேன் என்று எல்லோருக்கும் தெரியவைத்துத்தான் எடுக்கவேண்டும். முதல் படத்தில் இருவரும் அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி விறைத்திருந்தார்கள். நான் கெமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நாலைந்து நிமிடத்தில் அவர்களுக்கு அலுத்துப்போய் மீண்டும் பேசத் தொடங்கினார்கள். ஃபிளாஷ் இல்லாமல், அந்த ஒற்றை பல்பில், பதினேழு படம் எடுத்தேன். பத்து அசைந்துவிட்டது. கை நடுங்கும் வயது எனக்கும் வந்துவிட்டது.

கொழும்புக்குப் போய் ஆர்100ஐ வாங்கினேன். அதன் திரை திரும்பாது, தொட்டால் வேலை செய்யாது. அதைவிட நல்லவை கடையில் இருந்தன, என் காசுக்கு எட்டவில்லை. மருமகனுக்கு இன்னும் சம்மதமில்லை. பயணத்துக்கும் கலியாண வீட்டுக்கும் பறவைக்கும் அவன் சொல்வதே சரி. எந்நேரமும் பையில் இருக்கிற கெமரா வீட்டு அலுமாரியில் இருக்கிற கெமராவை விட மேல் என்பதையும் மறுக்கமாட்டேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு படம். மங்கல் வெளிச்சத்தில், கேட்டு எடுத்து, பிறகு யாராவது பெரிதாக்க நினைத்தால் உள்ளே ஏதாவது இருக்கிற படம்.

ஸ்டூடியோவில் அதே பையனிடம் இரண்டு பிரதி பெரிதாகப் போட்டேன். கண் இமையின் நரைமயிர் வரை தெரிகிறது. ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன், ஆணி சும்மாதானே இருக்கிறது. உம்மாவுக்குக் கொடுத்த வாக்கின்படி இந்தக் கட்டுரையோடு அந்தப் படம் இல்லை.

மற்றப் பிரதியை உம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தா. தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவின் தாள் இருக்கும் கடித உறைக்குள் அது நுழையாது என்று கண்டு, உறையை அதன் மேல் வைத்துத் துணியால் சுற்றினா.

"அக்கா நல்லா மெலிஞ்சு போனா" என்றா.