எள்ளுப்பொடிக் கணக்கு

செப்டம்பர் 14, 2024
கம்பெனி செக்கப்பில் என் வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின் 2.3. ஸ்ரீபெரும்புதூரில் மறுபடி எடுத்தோம், அதேதான். 42 வயதில் சிறுநீரகம் வடிகட்டும் அளவு 35, மூன்றாம் நிலையாம். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. "கொட்டை, விதை எதுவும் வேண்டாம்மா" என்று நர்ஸ் சொன்னது மட்டும் காதில் நிற்கிறது.

செப்டம்பர் 15
எள்ளு போட்ட இட்லிப்பொடி டப்பாவை மேல் அலமாரியில் ஒளித்தேன்.

செப்டம்பர் 21
புரட்டாசி முதல் சனி. "எள்ளு வறுத்துப் போடாம என்ன புளியோதரை?" என்று அத்தைக்குக் கோபம். சாயங்காலம் மாடி வீட்டுப் பெண் ஒரு பாக்கெட்டோடு வந்தாள். செல்போன் கம்பெனியில் வேலை. பூசணி விதை, சூரியகாந்தி விதை, சியா எல்லாம் கலந்தது. "அண்ணனுக்குக் குடுங்கக்கா, கிட்னிக்கு நல்லதாம்." ஒருத்தர் விஷம் என்கிறார், ஒருத்தர் மருந்து என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

செப்டம்பர் 27
காஞ்சிபுரத்தில் டயட்டீஷியனைப் பார்த்தோம். எள்ளைப் பற்றிக் கேட்கப் போனால், அந்தம்மா முதலில் கேட்டது முதுகு வலிக்கு இவர் மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையை. இன்றோடு நிறுத்தச் சொன்னார். அடுத்தது, நைட் ஷிப்டில் தூக்கம் விரட்டக் குடிக்கும் கோலா. பாட்டிலில் 338 என்று போட்டிருக்குமே, அது பாஸ்பாரிக் அமிலம். கிட்னி வெளியேற்றத் திணறும் அந்தப் பாஸ்பரஸ் அநேகமாக முழுசாகவே ரத்தத்தில் ஏறுமாம். விதையில் இருப்பது ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடப்பதால் பாதிகூடச் சேராது.

அதற்காக அள்ளித் தின்ன முடியாது. பூசணி விதை 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 1,200 மில்லிகிராம், பொட்டாசியம் 800. ஒரு கைப்பிடி 30 கிராம் என்றாலே பாஸ்பரஸ் 350ஐத் தாண்டுகிறது. இவருக்கு நாள் முழுக்க 800 முதல் 1,000 வரைதான். எள் ஒரு டீஸ்பூன் 3 கிராம். அதில் பாஸ்பரஸ் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. உப்புக் குறைத்து அரைத்த பொடி ஒரு டீஸ்பூன் போகலாம். நல்லெண்ணெயில் பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டுமே கிடையாது. எள்ளைவிடப் புளியில்தான் பொட்டாசியம் அதிகம் என்றார். அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது! "இது உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டுக்குப் போட்ட கணக்கு. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு வேற" என்று இரண்டு தடவை சொன்னார். லோ சோடியம் உப்பு வாங்கவே கூடாதாம், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

அக்டோபர் 11
ஆயுத பூஜை. கம்பெனியில் கொடுத்த பொரியில் கடலையைப் பொறுக்கி அத்தையிடம் கொடுத்தார். பாக்கியைத் தின்றார். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அக்டோபர் 15
இங்கே சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் முடிந்ததாம். ஊரெல்லாம் அதே பேச்சு. இவருக்கு நைட் ஷிப்ட். முதுகு வலி. மாத்திரை இல்லை.

நவம்பர் 9
பொட்டாசியம் 5.2. பாஸ்பரஸ் 4.4. கிரியாட்டினின் அதே 2.3. பொடி ஒரு டீஸ்பூன் தொடரலாம், பூசணி விதை வேண்டாம். அடுத்த பரிசோதனை ஜனவரியில்.