காலடி மண்ணைக் கற்போம்



எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று வகுப்பில் வினவினால், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்னும் விடைகளே மிகுதியாக எழுகின்றன. இவை யாவும் சிறந்த பணிகளே. ஆயினும், நாட்டுக்கு இன்றியமையாத மற்றொரு பணியை எம் மாணவர் எவரும் இதுவரை குறிப்பிட்டதில்லை. அதுவே சுரங்க, நிலவியல் பொறியியலாளரின் பணி. மண் தொடர்பான வேலை என்றவுடன், "பாட்டன் மண் வெட்டியது போதாதா? பேரனும் வெட்ட வேண்டுமா?" என்று கேட்கும் பெற்றோரும் உளர். அக்கேள்வியிலுள்ள வேதனையை நாம் அறிவோம். ஆதலின் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். மண்ணை வெட்டுவது ஒரு தொழில். வெட்டுமுன் அதன் இயல்பை ஆராய்ந்து, அங்கே தோண்டலாமா, கட்டலாமா என்று முடிவுரைப்பது வேறொரு தொழில். அதற்கு உடல் வலிமையைவிடக் கல்வியே பெரிதும் வேண்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறிக் குகைக்குள் நின்றிருக்கிறோம். அக்குகையை எவர் குடைந்தனர்? மழைநீரே குடைந்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த நீர், சுண்ணாம்புப் பாறையை நெடுங்காலம் சிறிது சிறிதாகக் கரைத்தது. அதே வகைச் சுண்ணாம்புப் பாறை, கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் புதைந்து கிடக்கிறது. மண் மூடிய குகைகளும் பள்ளங்களும் அங்கும் உள்ளன. அவற்றைக் கண்ணால் காண இயலாது. நிலத்தைத் துளையிட்டு மண்ணையும் பாறையையும் எடுத்து ஆராய்ந்தே அறிய வேண்டும்.

452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் இதற்கு நல்ல சான்று. முதலில் குறித்த இடத்தைத் துளையிட்டு ஆராய்ந்தபோது, அடியில் பாறையும் மென்மண்ணும் ஒரு சீராக இல்லாமை தெரியவந்தது. அங்கேயே கட்டியிருந்தால் ஒரு பக்கம் மிகுதியாகத் தாழக்கூடும். ஆதலின் கட்டடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். 114 மீட்டர் ஆழம் வரை கற்காரைத் தூண்களை இறக்கி, அவற்றின்மேல் 4.5 மீட்டர் தடிப்புள்ள அடித்தளத்தை இட்டனர். வானளாவிய கோபுரத்தை வியப்போர் பலர். அதைத் தாங்கும் மண்ணைப் படித்தவரை நினைப்போர் சிலரே.

மண்ணின் இயல்பைப் பொருட்படுத்தாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் சிலாங்கூர் மாநிலமே கண்டது. 1993 டிசம்பர் 11 ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்தது. தொடர்மழையில் பின்புறத்து மலைச்சரிவு சரிந்ததே காரணம். 48 உயிர்கள் மாண்டன. 2022 டிசம்பர் 16 ஆம் நாள், பத்தாங்காலியில் கூடாரங்களில் உறங்கியவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் மடிந்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். மழையை நம்மால் தடுக்க இயலாது. எந்தச் சரிவு எவ்வளவு நீரைத் தாங்கும் என்று முன்னரே ஆராய்ந்து எச்சரிக்க இயலும். அந்த எச்சரிக்கையே இப்பொறியியலாளரின் தலையாய கடமை.

சுரங்கத் தொழிலிலும் இவ்வறிவே உயிர்காக்கும் துணை. நம் நாட்டில் சுரங்கம் என்றவுடன் ஈய லம்பங்களே நினைவுக்கு வரும். 1985 இல் ஈய விலை வீழ்ந்தபின் அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. தமிழகத்து நெய்வேலியிலோ சுரங்கப் பணி இன்றும் நடைபெறுகிறது. அங்கு 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. ஆயினும் அதை எடுப்பது எளிதாக இல்லை. நிலக்கரிப் படிவத்தின் அடியில் பேரழுத்தத்துடன் நீர் தேங்கியிருந்தது. மேல்மண்ணை அகற்றினால், பாரம் குறைந்து அந்நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்கும். இதனை ஆராய்ந்த வல்லுநர்கள், ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தனர். அதன் பின்னரே கரி கைக்கு வந்தது. அச்சுரங்கங்களுக்காக நிலம் இழந்த உழவரின் துயரையும் நாம் மறத்தலாகாது. தோண்டிய பள்ளத்தை நிரப்பி, மேல்மண்ணை மீண்டும் பரப்பி, பசுமை வளரச் செய்வதும் சுரங்கப் பொறியியலாளரின் பொறுப்பே.

இனி, நம் தெலுக் பங்லிமா காராங்கிற்கு வருவோம். இங்கே மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. நம் காலடியில் இருப்பது, கடல் கொண்டுவந்து படியச்செய்த மென்மையான களிமண். இம்மண் மிகுதியான நீரைத் தன்னுள் கொண்டது. மேலே பாரம் ஏறினால் நீர் மெல்ல மெல்ல வெளியேறி, நிலம் ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துகொண்டே இருக்கும். பாலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பள்ளிப் பேருந்து குலுங்குவதை மாணவர்கள் அறிவர். பாலம் ஆழத் தூண்களின்மேல் அசையாது நிற்க, அதனை அடையும் சாலை மட்டும் தாழ்வதே அக்குலுக்கலின் காரணம். அருகிலுள்ள கேரித் தீவும் முன்னர்ச் சதுப்பு நிலமே. தமிழர் உள்ளிட்ட தொழிலாளர்கள் வடிகால் வெட்டி, கரை எழுப்பி, அதைத் தோட்டமாக்கினர். எந்தக் கரை நிற்கும், எந்தக் கரை சரியும் என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை; அவர்களுக்குப் பட்டமும் கிட்டவில்லை.

அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், நமக்கு அருகே பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்பிக்கப்படுகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் வளாகத்தில் கனிம வளப் பொறியியல் பயிலலாம். 2008 ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டம் இத்துறையினருக்கு முறையான தொழில் தகுதியை வகுத்துள்ளது. இவற்றை எட்டுவதற்குக் கணிதமும் அறிவியலும் அடிப்படை. அவ்வடிப்படை இடப்படுவது நம் தொடக்கப்பள்ளியில்தான்.

ஆகவே பெற்றோர்களே, மழைக்காலத்தில் உங்கள் பிள்ளை வடிகாலோரம் நின்று, "இந்தக் கரை ஏன் சரிந்தது?" என்று வினவினால், "சேற்றில் நிற்காதே" என்று கூறுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு அழைத்து வந்து, நீங்கள் அறிந்த விடையைக் கூறுங்கள். அறியாததை எழுதி எம்மிடம் அனுப்புங்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி விடை தேடுவோம். ஆணாயினும் பெண்ணாயினும், அவ்வாறு வினவும் பிள்ளை நாளை ஒரு மலைச்சரிவின் முன் நின்று, "இங்கே வீடு கட்டாதீர்கள்" என்று துணிந்து கூறும் பொறியியலாளராகலாம். அச்சொல்லால் காக்கப்படும் உயிர்கள் எத்தனையோ!