ஆறு பைட்டுகளும் ஒன்பது பைட்டுகளும்

சென்ற வியாழன் மாலை கோலார் தங்கவயலிலிருந்து எனக்கொரு செய்தி வந்தது. "மத்தவங்க பேசுனதெல்லாம் வருது மேடம். அப்பா வாய்ஸ் மட்டும் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு வருஷ தெவசம். அண்ணன், தம்பிங்க எல்லாரும் வர்றாங்க." அனுப்பியவர் கோரமண்டல் பகுதியில் வாழும் ஓர் அம்மையார். அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளி. ஈராண்டுகளுக்கு முன் அவர் பேசியதை நான் பதிவு செய்தேன்; சென்ற ஆண்டு அவர் மறைந்தார்.

என் ஆய்வு தங்கவயல் தமிழைப் பற்றியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்று, 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறை உடைத்த மக்களின் பேச்சு அது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், அந்தச் சொற்களைத் தொழில்வழி அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். 64 ஒலிப்பதிவுகளை ஒரு வலைச்செயலியில் தொகுத்து, பேசியவர்களின் வீட்டாரே கேட்கும்படி அமைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டில் அது ஒரு பின்னிணைப்பு மட்டுமே. அம்மக்களுக்கோ நான் திருப்பித் தந்த ஒரே பொருள் அதுதான்.

செயலி கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. என் மடிக்கணினியிலிருந்து துறையின் வழங்கிக்குப் 'புஷ்' செய்தால், அங்குள்ள 'போஸ்ட்-ரிசீவ் ஹூக்' என்னும் சிறு நிரல் தானாக இயங்கிப் புதிய பதிப்பைத் தளத்தில் நிறுவும். மூன்றாண்டுகளாக அது தன் வேலையைச் செய்து வந்ததால் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் மறந்துவிட்டேன்.

செய்தி வந்ததும் மடிக்கணினியில் சோதித்தேன். முதியவரின் குரல் தெளிவாகக் கேட்டது. தளத்தில் சோதித்தேன், 404 பிழை. மொத்தம் 23 பதிவுகள் இவ்வாறு ஒலிக்கவில்லை. ஒலிக்கோப்புகளுக்குப் பெயரிட்டு ஏற்றியவர் எங்கள் துறையின் இளைய ஆய்வாளர் ஒருவர். நெறியாளரும் இருக்கும் குழுவில் உடனே எழுதினேன்: "தம்பி, 23 கோப்புகள் ஏற்றப்படவே இல்லை. சரிபார்க்காமல் முடித்துவிட்டதாகச் சொல்வது ஆய்வுக்கு அழகல்ல." பத்து நிமிடம் கழித்து அவர் ஒரு திரைப்பிடிப்பை அனுப்பினார். களஞ்சியத்தில் 64 கோப்புகளும் இருந்தன. அவர் வேறொன்றும் எழுதவில்லை.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ வழங்கியின்மேல் ஐயம் கொண்டேன். முதியவரின் கோப்பை மீண்டும் ஏற்றி, பக்கத்தின் அடியில் இருந்த தேதியையும் மாற்றிப் புஷ் செய்தேன். வெற்றி என்றது கிட். தளத்திலோ பழைய தேதியே நின்றது. மூன்று முறை செய்தும் அதே விடை.

இங்கு ஒரு பாடம். புஷ் வெற்றி என்றால் மாற்றங்கள் களஞ்சியத்தை அடைந்தன என்பது மட்டுமே பொருள்; தளம் மாறியது என்பதன்று. போஸ்ட்-ரிசீவ் ஹூக் இயங்கும் நேரத்தில் புஷ் முடிந்துவிட்டிருக்கும். ஹூக் தோற்றாலும், இயங்கி ஒன்றும் செய்யாமல் முடிந்தாலும் அந்த வெற்றி மாறாது. ஹூக்கைத் திறந்து படித்தேன். 'மாஸ்டர்' என்னும் கிளைக்கு மாற்றம் வந்தால் மட்டும் நிறுவு என்றிருந்தது. கிட்ஹப் 2020 அக்டோபர் முதல் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு 'மெயின்' என்று பெயரிடுகிறது. என் மற்ற களஞ்சியங்களோடு ஒத்திருக்கட்டும் என்று இரு வாரங்களுக்கு முன் இதன் கிளையையும் நானே 'மெயின்' என மாற்றியிருந்தேன். ஹூக் ஒவ்வொரு முறையும் விழித்து, தனக்கு வேலையில்லை என்று கண்டு, ஓசையின்றி உறங்கிவிட்டது.

ஒரு சொல்லைத் திருத்திப் புஷ் செய்தேன். தேதி மாறியது. குரல் மட்டும் வரவில்லை. அதே 23 கோப்புகள், அதே 404.

வெள்ளி இரவு அந்த 23 பெயர்களையும் தாளில் எழுதினேன். எழுதியவற்றை வாய்விட்டுப் படித்தேன். ஒலியியல் மாணவிக்கு வேறு வழி தெரியாது. கோரமண்டல், சோறு, கோயில், தொழிற்சங்கம், கொட்டகை... ஒலிக்கும் பெயர்களையும் படித்தேன். மாரிக்குப்பம், சுரங்கம், தண்ணீர், பாட்டு, ஆண்டர்சன்பேட்டை. நான்காம் பெயருக்கு வருமுன்பே காதில் பட்டுவிட்டது. முதல் வரிசையில் எல்லாப் பெயர்களிலும் உயிர்மெய்யாக ஒகரமோ ஓகாரமோ இருந்தது. இரண்டாம் வரிசையில் ஒன்றில்கூட இல்லை.

பள்ளியில் 'கோ' எழுதக் கற்றபோது இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்றாகச் சொல்லித் தந்தார்கள். ஒருங்குறியில் இதை இருவகையாகக் குறிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே புள்ளியாக இடலாம். அல்லது ககரம், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என மூன்று புள்ளிகளாக இடலாம். இரண்டும் இணையானவை என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ஆகவே முதல் 'கோ' 6 பைட்டுகள், இரண்டாம் 'கோ' 9 பைட்டுகள். என் மேக் மடிக்கணினியின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை இவ்விரண்டையும் ஒரே பெயராகக் கொள்ளும். துறையின் லினக்ஸ் வழங்கியோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். அதற்கு இவை இருவேறு பெயர்கள். ஒரே செயலி ஓரிடத்தில் பேசி மற்றோரிடத்தில் ஊமையானதன் காரணம் இதுவே.

கோப்புகளின் பெயர்களைப் பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தேன். தம்பி தட்டச்சு செய்தவை யாவும் 6 பைட்டு வடிவம். கோப்புகளைத் தேட உதவும் அட்டவணையில் இருந்தவை 9 பைட்டு வடிவம். அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? என் பழைய களக்குறிப்புகளிலிருந்து. அவை கொம்பையும் காலையும் தனித்தனியே அடிக்கும் பழைய எழுத்துரு ஒன்றில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை எழுதியவள் நான். கொம்பை இடம் மாற்றத் தெரிந்த அந்நிரலுக்குக் கொம்பையும் காலையும் ஒன்றாக்கத் தெரியவில்லை. மாற்றியபின் கண்ணால் பார்த்தேன், சரியாக இருந்தது, மேலே சென்றுவிட்டேன். மூன்றாண்டுகளுக்கு முன் நான் விட்ட பிழைக்குச் சரிபார்ப்பின் அருமையை அந்த இளைஞருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

திருத்தம் எளிது. பைத்தானில் பெயர்கள் அனைத்தையும் என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி போதும். அதோடு இரண்டு சேர்த்தேன். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கோப்பு உண்டா என்று வழங்கியிலேயே சோதித்து, இல்லையேல் புஷ்ஷை மறுக்கும் 'பிரீ-ரிசீவ் ஹூக்' ஒன்று. அதற்கு மறுக்கும் அதிகாரம் உண்டு. மற்றொன்று, எந்தப் பதிப்பு இயங்குகிறது என்பதைப் பக்கத்தின் அடியில் தானே காட்டும் அடையாளம்.

சனிக்கிழமை காலை, குற்றம் சாட்டிய அதே குழுவில், நெறியாளர் படிக்கும்படி, பிழை முழுவதும் என்னுடையது என்று காரணத்தோடு எழுதினேன். தம்பி தனியே கேட்டார்: "அக்கா, அந்தப் பைட் கணக்கை எனக்கும் சொல்லித் தருவீர்களா?" அவர் பெருந்தன்மை என் கடிதத்தைவிடப் பெரிது.

ஞாயிறு மாலை அம்மையார் அழைத்தார். வீடு நிறைந்த பேச்சுக்கிடையே பின்னணியில் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "நடுவுல அப்பா இருமுறாரு பாருங்க மேடம், அதுகூட அப்படியே இருக்குது" என்றார். இரைச்சல் என்று கருதி அந்த இருமலை வெட்டிவிட எண்ணியிருந்தேன். வெட்டப்போவதில்லை.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளோடு தரவகம் அமைக்கும் நண்பர்களே, உங்கள் ஒகர ஓகாரங்களை ஒருமுறை லினக்ஸ் வழங்கியில் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் வரை குழுவில் யாரையும் கடிந்து எழுதாதிருங்கள்.