புழல் புறக்கடையில் ஒரு முரட்டுச் சேவல்

திருவொற்றியூரையும் எண்ணூரையும் சூழ்ந்த தொழிற்சாலைப் பிரதேசத்தைப் பார்த்துவிட்டு மேற்கே வருகிறவருக்குப் புழல் வேறொரு தேசம் போலவே தோன்றும். பட்டணத்தின் குடிநீருக்காக 1876-ஆம் ஆண்டில் அமைந்த நீர்த்தேக்கம் ஒரு புறமும், கல்கத்தாவை நோக்கிச் செல்லும் பெருவழியில் இரவு பகலாக ஓடும் லாரிகள் மறு புறமுமாக இருக்க, இடையிலுள்ள தெருக்கள், 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பின்னரும், தம் கிராமத்துச் சுபாவத்தை முற்றும் கைவிட்டுவிடவில்லை. வீட்டுக்கும் மதிற்சுவருக்கும் நடுவே நாலடி அகலத்துக்கு மண் தரை மிஞ்சியிருந்தால் போதும், அங்கே ஒரு முருங்கை மரமும் அதன் அடியில் ஐந்தாறு கோழிகளும் இருக்கக் காணலாம். அருகிலுள்ள செங்குன்றத்தின் அரிசி ஆலைகளிலிருந்து நொய்யும் தவிடும் சுலபமாகக் கிடைப்பதும் இந்த ஜீவனத்துக்குப் பெரிய அனுகூலம்.

இத்தொழிலைப் பரிபாலித்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகளே. வீட்டு வேலைகளுக்கு நடுவில், யாரும் தொழில் என்று மதிக்காத விதத்தில், முட்டையை அடை வைத்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காத்து, விருந்தாளி வந்தால் ஒன்றை அடித்து, அவசரச் செலவு வந்தால் இரண்டை விற்று வாழ்கிற இவர்களிடம் உள்ள அனுபவ ஞானம் எந்த ஏட்டிலும் ஏறாதது. அவர்களுக்கு நேரும் சிரமங்களில் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு அடுத்தபடியாக நான் அடிக்கடி கேள்விப்பட்டது, பெட்டைகளைப் புண்ணாக்கிவிடும் முரட்டுச் சேவலைப் பற்றிய முறையீடுதான். அதைக் கண்ணால் கண்டு, கைதேர்ந்தவர்கள் அதை எவ்விதம் சமாளிக்கிறார்கள் என்று அறியும் பொருட்டே ஏரிக்கரைக்குச் சமீபத்திலுள்ள ஒரு வீட்டுக்குச் சென்றேன்.

அந்த வீட்டு அம்மாள் வயதில் முதிர்ந்தவர். அண்டை அயலார் எல்லோருக்கும் பெரியம்மா. கோழிக்கு உடம்புக்கு ஏதேனும் வந்தால் தெருவார் முதலில் தேடி வருவது அவரைத்தான். நான் போன வேளையில் பக்கத்து வீட்டு இளம்பெண் ஒருத்தி தன் பெட்டைக் கோழியை முந்தானைக்குள் அணைத்தபடி வந்து நின்றாள்.

"பெரியம்மா, முதுகைப் பாருங்க. தோலே கிழிஞ்சு போச்சு."

பெரியம்மா கோழியை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு, ஒவ்வோர் இறகாக விலக்கிப் பார்த்தார். பிடரியில் இறகே இல்லை. முதுகின் நடுவே வெறுந்தோல் சிவந்து கிடந்தது. வலப்புற விலாவில், இறக்கைக்குக் கீழே, ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. அவர் கேட்ட முதற்கேள்வி சேவலைப் பற்றியது அன்று.

"பொட்டை எத்தினி வச்சிருக்கே?"

"நாலு, பெரியம்மா."

"நாலுக்கு ஒரு சேவலா? அது இன்னாடி பண்ணும்?"

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் மூலம் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் வரையில் இருப்பதே உசிதம் என்று கோழி வளர்ப்பு நூல்களும் கூறுகின்றன, பெரியம்மாவும் கூறுகிறார். அணையும்போது சேவல் பெட்டையின் பிடரி இறகை அலகால் பற்றிக்கொண்டு, இரு கால்களாலும் முதுகின் மேல் ஏறி மிதிக்கிறது. இதை மிதிப்பு என்றே சொல்கிறார்கள். பத்துப் பெட்டைகளிடையே பகிர்ந்து போக வேண்டிய மிதிப்பு நாலு முதுகுகளின் மேலேயே விழுந்தால், அதிலும் சேவல் தனக்குப் பிரியமான ஒன்றையே திரும்பத் திரும்ப நாடுமானால், எந்த இறகுதான் தாங்கும்? வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும். நடுவில் ஒடிந்ததோ, அடித்தண்டு தோலிலேயே தங்கிவிடுவதால், அடுத்த இறகுதிர்ப்பு வரையில் முளைக்காது. எனவே சேவலை அகற்றிய மறுவாரமே முதுகு மூடிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார்.

எண்ணிக்கைக்கு அடுத்தது உருவப் பொருத்தம். அந்தப் பெண்ணின் பெட்டைகள் சிறுவிடை ஜாதி. ஒன்றேகால் கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ இருக்கும். சேவலோ அசில் கலப்பு. சுத்தமான அசில் சேவல் நாலு கிலோ வரையிலும் இருக்கும். கலப்பில் பிறந்ததும் பெட்டையைப் போல் இரு மடங்கு எடை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கம்பீரமான சேவல் வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசையினால் சந்தையில் பெரிதாகப் பார்த்து வாங்கிவந்து சிறிய பெட்டைகளோடு விட்டுவிடுவது இப்பிரதேசத்தில் சர்வ சாதாரணமாக நிகழ்கிறது. அதன் பாரம் முழுவதையும் சுமப்பவை அந்த எளிய ஜீவன்களே.

மூன்றாவது காரணம் வயது. ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் சேவல் ஐந்து மாதத்திலேயே பருவமடைந்து கூவத் தொடங்கிவிடும். நாட்டுப் பெட்டை முதல் முட்டையிட ஆறு, ஏழு மாதமாகும். பருவமெய்தாத வெடைக்கோழி சேவலுக்குப் பணிந்து உட்காராது, ஓடும். ஓடுவதைத் துரத்திப் பிடிப்பதே அந்த இளஞ்சேவலுக்குப் பழக்கமாகி, பின்பு பெட்டைகள் முதிர்ந்து தாமாக இணங்கும் காலத்திலும் அப்பழக்கம் அதை விட்டுப் போவதில்லை. கண்டித்து ஒடுக்கும் மூத்த சேவலோ, அலகால் ஒரு கொத்துக் கொத்தி விலக்கும் முதிய பெட்டையோ இல்லாத மந்தையில் வளர்ந்த சேவல்தான் பெரும்பாலும் முரடாகிறது என்று பெரியம்மா சொன்னபோது, கோழிகளுக்குள் கொத்தும் வரிசை ஒன்று உண்டென்று 1922-இல் எழுதி வெளியிட்ட நார்வே தேசத்து அறிஞர் ஷெல்டெருப்-எப்பேயின் நினைவு எனக்கு வந்தது.

நல்ல சேவலின் லட்சணத்தையும் அன்று பெரியம்மாவின் புறக்கடையிலேயே கண்டேன். நொய்யை இறைத்தவுடன் அவருடைய சேவல் தான் தின்னாமல், ஒரு மணியை அலகால் எடுத்துக் கீழே போட்டுப் போட்டு, அடித்தொண்டையில் கொக்கரித்துப் பெட்டைகளை அழைத்தது. பிறகு ஒரு பெட்டையின் பக்கத்தில் ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, தரையில் உரசும்படி அரைவட்டமாகச் சுற்றிவந்தது. பெட்டை திரும்பிப் பாராமல் நடந்து போய்விட்டது. சேவலும் வேறு வேலையைப் பார்க்கப் போயிற்று. ஏரிப்பக்கம் பருந்து வட்டமிட்டபோது அது எழுப்பிய நீண்ட ஓசையைக் கேட்டுக் குஞ்சுகள் உட்பட அத்தனையும் முருங்கைக்கு அடியில் ஒடுங்கின. நாய் வந்தபோது எழுப்பிய ஓசையோ முற்றிலும் வேறு. வானத்து ஆபத்துக்கு ஒரு குரலும் தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரலும் வைத்திருக்கும் இந்தக் காவலனுக்காகத்தான் சேவலை வளர்க்க வேண்டும். பெட்டையைத் துரத்தி மிதிப்பதை வீரம் என்று கொண்டாடுவோரின் கூற்றை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

இனி, பெரியம்மா அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டிய பரிகாரங்களைச் சொல்ல வேண்டும். முதலில் காயம்பட்ட பெட்டையைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்தார். சிவந்த ரத்தத்தைக் கண்டால் மற்றப் பெட்டைகளே அதைக் கொத்திக் கொன்றுவிடக்கூடும் என்பதால் இதில் தாமதமே கூடாது. விலாவைக் கொதித்தாறிய நீரால் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினார். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க இது உதவும். காயம் ஆழமாக இருந்து சதை தெரிந்தால் வேப்பேரிக்குக் கொண்டு போகும்படி அவர் சொன்னது எனக்கு மிகுந்த திருப்தியளித்தது. 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்க, நாட்டு வைத்தியத்தோடு நின்றுவிடுவது விவேகமாகாது.

அடுத்து சேவலைக் கொண்டுவரச் சொன்னார். அதன் கால் முள் ஒன்றரை அங்குலம் நீண்டு, நுனி ஊசியாக வளைந்திருந்தது. விலாக் கிழிசல் அதன் வேலைதான். முள்ளின் மேற்புறம் நகத்தைப் போன்ற ஓடு, உள்ளே ரத்தமோடும் எலும்பு. ஆகையால் நுனியை மட்டும் அரத்தால் மெல்ல ராவி மழுக்கலாமேயன்றி, அடியில் வெட்டலாகாது. சூடான உருளைக்கிழங்கைச் செருகி முள்ளைத் திருகி எடுக்கும் ஒரு முறையைச் சிலர் கைக்கொள்கிறார்கள். அது பறவைக்குக் கொடிய வேதனை தருவது, தவிர்க்கத் தக்கது.

"மத்தியானம் வரைக்கும் பஞ்சாரத்துலே கிடக்கட்டும். பொட்டைங்க முட்டை வச்சு, வயிறார மேஞ்ச பிறகு திறந்து வுடு" என்றார் பெரியம்மா. பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடுவதால், அந்நேரத்தில் அவை நிம்மதியாக இருக்க இது வழி செய்கிறது. காலில் கயிறு கட்டி முளையடிக்கலாமா என்று அப்பெண் கேட்டதற்கு, தெரு நாய் வந்தால் தப்பி ஓட இயலாது என்று மறுத்துவிட்டார். பழைய பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்து, பெட்டைகள் மட்டும் நுழையும் சந்துகள் அமைக்கச் சொன்னார். நம் கோழிகளின் முன்னோரான காட்டுக்கோழி புதருக்குள் ஓடி ஒளிய இடம் பெற்றிருந்தது. நாலடி அகல மண் தரையில் மதிற்சுவருக்கும் சேவலுக்கும் நடுவே சிக்கிய பெட்டைக்கு அந்தச் சுதந்திரம் ஏது? இடம் குறைவாக உள்ள நகரத்தில் சேவலின் முரட்டுத்தனத்தில் பாதி நாம் கட்டிய சுவரின் குற்றம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இறகு முளைக்கப் புரதம் வேண்டும். வெறும் நொய்யில் அது போதாது. கடலைப் புண்ணாக்கையும், காசிமேட்டிலிருந்து வரும் மலிவான கருவாட்டையும் இடித்துச் சேர்க்கிறார்கள். கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிய பின்னரே கொடுக்க வேண்டும், உப்பு மிகுந்தால் கோழிக்கு ஆகாது. முதுகுக்குப் பருத்தித் துணியில் சட்டை தைத்து மாட்டுவதும் உண்டு. பட்டணத்துப் புழுக்கத்தில் அதன் அடியில் பேன் சேரும் என்பதால் நாள்தோறும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் மேல் பாயும் சேவலை மட்டும் பெரியம்மா ஒரு நாளும் வைத்துக்கொள்வதில்லை. முள் படுவது கண்ணாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். பதில் வேண்டாத கேள்வி அது. மற்றச் சேவல்களுக்கு அவர் அவகாசம் கொடுக்கிறார்: பெட்டைகளைப் பெருக்கி, இடம் ஒதுக்கி, முள்ளை மழுக்கி, ஓர் இறகுதிர்ப்பு வரையில் பார்த்தும் புதிய ரத்தக் காயம் தோன்றுமானால், அதை அகற்றிவிட்டு, அதனோடு அணைந்த பெட்டைகளின் முட்டையை அடை வைப்பதையும் நிறுத்திவிடுகிறார். தகப்பனின் சுபாவம் குஞ்சிலும் தொடரும் என்பது அவர் அனுபவம். சேவலை அகற்றிய பின்னரும் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வரையில் பெட்டைகள் கரு கொண்ட முட்டை இடுமாதலால், புதிய சேவல் வந்ததும் அவசரப்பட்டு அடை வைக்காமல் மூன்று வாரமேனும் பொறுத்திருக்கிறார். முட்டை மட்டுமே வேண்டும் என்போருக்கோ சேவலே அவசியமில்லை. அது இன்றியும் பெட்டை முட்டையிடும்.

அந்தப் பெண் தன் சேவலை விற்றுவிடுவதென்று தீர்மானித்துப் புறப்பட்டாள். முரட்டுச் சேவல் விலைக்கு வருகிறது என்றால் சேவற்கட்டு என்னும் சண்டைக்கு விடுவோர் முந்திக்கொண்டு வருவார்கள். பிராணிகளைச் சண்டைக்கு மூட்டிவிடுவதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே புறக்கடையில் கோழி வளர்க்கும் சகோதரிகளை நான் வேண்டிக்கொள்வது இது: அத்தகைய சேவலைக் கறிக்கு விற்றாலும், நிறையப் பெட்டைகளும் விசாலமான தோட்டமும் உள்ளவருக்கு விற்றாலும், அதன் குணத்தை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். கட்டுக்காரருக்கு மட்டும், எவ்வளவு விலை கொடுத்தாலும், கொடுக்காதீர்கள்.