சாத்தானுக்கு வேலை கொடு

1984 ஆகஸ்டில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வந்தபோது கூடவே ஒரு வதந்தியும் வந்தது. படம் பார்க்கத் தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடியைப் போட்டால் மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்ளும் என்று. ஒருத்தர் மூக்கிலிருந்து கழற்றியதை அடுத்த காட்சிக்காரர் மாட்டிக்கொள்கிறார், வராமல் என்ன செய்யும்? கண்வலி பரவியதோ இல்லையோ, பேச்சு பரவியது. கடைசியில் படக்காரர்கள் நடிகர்களையே திரையில் நிறுத்தி, கண்ணாடிகளை எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்ல வைத்தார்கள். மலையாளத்துக்கு பிரேம் நசீர், தமிழுக்கு ரஜினிகாந்த். ரஜினி சொன்ன பிறகும் கிருமி நிற்குமா என்ன! இன்றைக்கு ஒரு செயலியில் பணம் போடலாமா என்று யோசித்தால் கிரிக்கெட் வீரர் வந்து சிரிக்கிறார். நாற்பது வருஷத்தில் சட்டை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை.

இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, அவர் மகன் ஜிஜோ இயக்கம். ஐஸ்கிரீம் மூக்கு வரைக்கும் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஆள் அளந்தார்கள். எனக்கு அதைவிட மனதில் நின்றது, குழந்தைகள் சுவரில் ஏறி நடந்து கூரையில் தலைகீழாக ஆடும் பாட்டு. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அறையையே சுற்றும்படி இரும்பில் கட்டி, கேமராவை அறையோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். அறை சுற்றச் சுற்ற, குழந்தைகள் தரையாக வருகிற பக்கம் நடந்துகொண்டே இருந்தால் போதும். வேலை செய்தவர்கள் எல்லாரும் அறைக்கு வெளியே. பார்க்கிற நமக்கு அவர்கள் ஒருத்தரும் தெரியமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கதை சொன்னேன். மந்திரவாதிக்கு அடிமையாகக் கிடந்த சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவிக்கிறார்கள், அது அவர்கள் சொன்னதையெல்லாம் செய்கிறது. ஆச்சி நாகர்கோவில்காரி. சாத்தான் விஷயத்தில் அவளுக்கு ஜிஜோவைவிட அனுபவம் அதிகம். “சாத்தானைக் கூப்பிடுததுக்கு ஆயிரம் மந்திரம் இருக்கு மக்களே. கூப்பிட்ட பொறவு அதுக்கு வேலை கொடுக்கணும்லா? அதுதான் பாடு” என்றாள். வேலை தீர்ந்தால் அழைத்தவன் கழுத்தில் ஏறும். அதனால்தான் நாய்வாலைக் கொடுத்து நிமிர்த்தச் சொன்னார்கள் என்று பழைய கதையில் போய் முடித்தாள்.

அதற்குப் பிறகு எந்த இயந்திரச் செய்தியைப் படித்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது ஆச்சியின் கேள்விதான். சரி, இதற்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்த காலம். திருவனந்தபுரத்தில் எங்கள் சாலைக் கடைத்தெருவிலிருந்து அப்பா புத்தகம் வாங்கி வந்தால் முதலில் ஜீனோ என்ன சொன்னது என்றுதான் பார்ப்போம். இயந்திர நாய். படிக்கும், நக்கலடிக்கும், எஜமானியை எதிர்த்துப் பேசும். உருப்படியான ஒரு வேலையும் கொடுக்காமல் ஒரு ரோபோவை இவ்வளவு பிரியத்தோடு வேறு யாரும் வளர்க்கவில்லை. சுஜாதாவுக்குப் பகல் வேலை பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில். வாக்குப்பதிவு இயந்திரம் செய்த குழுவில் இருந்தவர்.

வாக்கு இயந்திரம் என்றதும் நான் பறவூருக்குப் போகாமல் இருக்க முடியாது. (அங்கே முதலில் வந்தது ஹைதராபாத் சரக்கு, சுஜாதாவுக்கு அதில் பொறுப்பில்லை.) 1982 மே மாதம், எர்ணாகுளம் பக்கம் அந்தத் தொகுதியில் 50 சாவடிகளில் நாட்டிலேயே முதல்முறையாக இயந்திரம் வைத்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இது கூடாது என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் போனார். நடக்கவில்லை. இயந்திரம் எண்ணியது, 123 ஓட்டில் சிவன் பிள்ளையே ஜெயித்தார். உடனே தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தச் சாவடிகளில் மறுபடி காகித ஓட்டு நடந்து, ஜோஸ் வந்தார். தன்னை எதிர்த்தவரை ஜெயிக்க வைக்கிற அளவுக்குப் பாரபட்சமில்லாத இயந்திரம் அது ஒன்றுதான். அதைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

கேரளத்துக்கும் இயந்திரத்துக்கும் உறவு இப்படித்தான். முதலில் கொடி பிடிப்பார்கள், பிறகு நாட்டிலேயே முதலாவதாக வாங்குவார்கள். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று கோஷம் போட்ட ஊரில்தான் 1990இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா, கழக்கூட்டத்தில் டெக்னோபார்க். கட்டடங்களுக்கு ஆற்றுப் பெயர்: பம்பா, பெரியாறு, நிளா, பவானி. என் அக்கா மகன் அந்த ஆறுகளில் ஒன்றில் இரவு ஷிப்ட் போகிறான். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சாட்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. “அது எப்படிடே மனுஷன் மாதிரியே பதில் சொல்லுது?” என்று கேட்டேன். “மாமா, அதுக்குத் தெரியாத கேள்வி வந்தா நாங்கதான் பதில் சொல்லுவோம்” என்றான்.

இனி சல்யூட் அடிக்கும் வேலை. 2019 பிப்ரவரியில் வழுதக்காட்டுப் போலீஸ் தலைமையகத்தில் கேபி-பாட் என்று ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள். நாட்டின் முதல் ரோபோ போலீஸ், அதுவும் பெண் உருவம். வருகிறவர்களை வரவேற்கும், வழி சொல்லும், அதிகாரி வந்தால் சல்யூட் வைக்கும். திறந்துவைக்க வந்த முதலமைச்சர் பினராயி விஜயனுக்கு அது சல்யூட் அடித்த படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும். பதவி: சப்-இன்ஸ்பெக்டர்.

அந்தப் பதவியைக் கேட்டதும் எதிர்வீட்டுப் பையனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி ரேங்க் லிஸ்டில் இருந்தான். இந்த ஊரில் ரேங்க் லிஸ்ட் என்பது ஒரு வாழ்க்கை நிலை. பட்டியல் காலாவதியாவதற்குள் வேலை வர வேண்டும், வராவிட்டால் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். பரீட்சை, ஓட்டம், மார்பளவு எதுவும் இல்லாமல் நேராக எஸ்.ஐ. ஆன ஒரே ஆள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான். எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு. கையும் கேமராவும் மூளையும் கொடுத்து ஒன்றைச் செய்துவிட்டு, அதற்கென்று யோசித்துக் கண்டுபிடித்த வேலை சல்யூட். ஆச்சி இருந்திருந்தால், நாய்வால் தேவலை என்றிருப்பாள். வால் கொஞ்ச நேரமாவது நிமிர்ந்து நிற்கும்.

அதே வருஷம் நவம்பரில் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’ வந்தது. பையனூரில் தனியாக இருக்கிற பிடிவாதக்காரக் கிழவர், வேலைக்கு ரஷ்யா போன மகன், மகன் கொண்டுவந்து விடுகிற ரோபோ. ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் எடுத்தது. தமிழில் 2022இல் ‘கூகுள் குட்டப்பா’ என்று கே.எஸ். ரவிக்குமார் நடித்தார். நான் மலையாளத்தின் பக்கம். ‘எந்திரன்’ சிட்டிக்கு நூறு ரஜினியாகப் பெருகும் வேலை. குஞ்ஞப்பனுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் அப்பாவுக்குத் துணையிருக்கும் வேலை. கேரளத்தில் எந்தத் தெருவிலும் நாலு வீட்டில் இந்த வேலை காலியாக இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது சினிமாக்காரன், அரசாங்கம் இல்லை.

கிழவராக நடித்தவர் சுராஜ் வெஞ்ஞாறமூடு. எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே கேரளம் முழுவதையும் சிரிக்க வைத்தவர், வெஞ்ஞாறமூடு இங்கேதான் இருக்கிறது. குஞ்ஞப்பன் யார் தெரியுமா? அந்த உடுப்புக்குள் இருந்தது சூரஜ் தேலக்காடு என்ற குள்ளமான நகைச்சுவைக் கலைஞர். அந்தச் செய்தியைப் படித்தபோது அக்கா மகனின் இரவு ஷிப்ட்தான் ஞாபகம் வந்தது.

மனிதன் உள்ளே இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. ககன்யானுக்காக இஸ்ரோ செய்த வியோமித்ரா. விண்வெளிக்கு ஆள் போவதற்கு முன்னால் ஆளுக்குப் பதிலாகப் போவதற்கு. வட்டியூர்க்காவில் இருக்கிற இஸ்ரோ கூடத்தில் உருவானது. 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டினார்கள். கால் இல்லை, எடையில்லாத இடத்தில் கால் எதற்கு? இரண்டு மொழி பேசும் என்றார்கள், இந்தியும் ஆங்கிலமும். வட்டியூர்க்காவில் இருந்துகொண்டு மலையாளம் பேசத் தெரியாதவர்கள் இதற்கு முன் அந்த வட்டாரத்தில் எங்கள் மாதிரித் தமிழ்க் குடும்பங்களின் மருமகள்கள்தான், அவர்களும் ஆறு மாதத்தில் மீன்காரியிடம் பேரம் பேசக் கற்றுவிடுவார்கள். பிறகு 2024இல் கல்லம்பலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐரிஸ் என்று ரோபோ டீச்சர் வந்தது. அதற்குச் சேலை கட்டிவிட்டார்கள். போலீஸ், விண்வெளி, வகுப்பறை, எங்கே போனாலும் பெண் உருவம்தான். சொன்னதைச் செய்கிற ஒன்றை உண்டாக்க உட்கார்ந்தால் இவர்கள் மனதில் எந்த உருவம் எழுகிறது என்பதை ஐரிஸிடம் கேட்கலாம். மூன்று மொழியில் பதில் சொல்லுமாம்.

பெண் உருவமும் இல்லாமல், ஆண் உருவமும் இல்லாமல், முகமே இல்லாமல் ஒன்று 2018 பிப்ரவரியில் இதே ஊரில் வேலைக்கு வந்தது. பேண்டிகூட். பெருச்சாளியின் பெயர். ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற கம்பெனியின் பையன்கள் செய்தது. குற்றிப்புறத்தில் இன்ஜினியரிங் படித்தவர்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளிகள் இரண்டு பேரும், காப்பாற்றக் குதித்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் விஷவாயுவில் செத்துப்போனார்கள். அதுதான் இவர்களை இந்தப் பக்கம் திருப்பியது. மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் 2013லேயே வந்தாகிவிட்டது. சட்டம் வந்து என்ன, அடைப்பை எடுக்க யாராவது இறங்கித்தானே ஆக வேண்டியிருந்தது?

பேண்டிகூட் இரண்டு பாகம். ஒன்று மேலே குழிவாயில் நிற்கும். இன்னொன்று கையும் காலும் மடக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, காலை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வாளியில் சேற்றை அள்ளும். கேமரா உண்டு, வாயு இருந்தால் சொல்லும் கருவி உண்டு. மேலே திரையைப் பார்த்து இயக்குகிறவர், முன்பு அதே குழிக்குள் இறங்கியவராக இருக்கலாம். அவர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கும்பகோணத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போனது. எனக்குத் தெரிந்து, ஆச்சியின் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருக்கிற ஒரே இயந்திரம் இதுதான்.

ஆனாலும் 2024 ஜூலை 13, சனிக்கிழமை, தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கியவர் ஒரு மனிதர். தற்காலிகத் தொழிலாளி. மழை, திடீரென்று வெள்ளம், இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுரங்கத்துக்குள் பிளாஸ்டிக் மலை. தீயணைப்புப் படையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், கேமராவோடு ரோபோவும் இறங்கியது. டி.வி.யில் இரண்டு நாள் அதைத்தான் காட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, நிலையத்துக்கு வெளியே தகரப்பறம்புப் பக்கம் உடல் கிடைத்தது. முதலில் போயிருக்க வேண்டியது ரோபோ, தேடப் போயிருக்கக் கூடாது. ஊரில் இயந்திரம் இருந்தது. மனிதக்கூலி அதைவிடச் சுலபமாகக் கிடைத்தது.

சுராஜைப் பற்றி ஒன்று பாக்கி. அவருக்கு 2013ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது டாக்டர் பிஜுவின் ‘பேரறியாதவர்’ படத்துக்கு. அதில் அவர் தெருக்குப்பை அள்ளும் தொழிலாளி. ரோபோவுக்கு அப்பா ஆவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே அந்த மனிதர் குப்பை வண்டியில் ஏறிவிட்டிருந்தார். இரண்டு படத்தையும் சேர்த்து ஒரே படமாக யாராவது எடுப்பார்கள் என்று காத்திருக்கிறேன். கதைநாயகன் பேண்டிகூட். தயாரிப்பாளர் முகம் எங்கே என்று கேட்பார், பாட்டு எங்கே வைப்பது என்பார். நியாயம்தான், குழிக்குள் இறங்குகிறவனுக்கு அறிமுகக் காட்சி வைத்தால் ரசிகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்க முடியாது.

ஆ. மாதவன் இருந்திருந்தால் எழுதியிருப்பார். சாலையில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் திருடர்களையும் கதைக்குள் கொண்டுவந்தவர், 2021 ஜனவரியில் போய்விட்டார். அவர் தெருவுக்குப் பக்கத்தில், அட்டக்குளங்கரையில் ஒருநாள் அந்த இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. கடைக்காரர்கள் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். செல்ஃபி எடுக்க ஒருத்தரும் வரவில்லை. டீக்கடை அண்ணாச்சி மட்டும் டம்ளரை ஆற்றிக்கொண்டே, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்: “போலீஸ்காரங்க கிட்ட ஒண்ணு இருந்துதே, அது மாதிரி இதுவும் சல்யூட் அடிக்குமா?”

“அடிக்கச் சொன்னா அடிக்கும், அண்ணாச்சி” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முன்னால நிக்கிற ஆளோட சட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.”